வாயைத் திறக்க வேண்டிய கை

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
6 ஆகஸ்ட் 1998

டல்சிக்கு,

மதினி மேவிஸ் எழுதுகிறேன். நேற்று மறுபடியும் நம் ஊர் கிளினிக்குக்குப் போன் போட்டேன். நர்ஸ்தான் எடுத்தாள். "டல்சி பக்கத்துலதான் நிக்கிறாங்க. பேச மாட்டாங்களாம். கையை ஆட்டுறாங்க" என்றாள். போனில் கையை ஆட்டினால் எனக்கு என்னடி தெரியும்? "எந்த விரலை ஆட்டுறான்னு பார்த்துச் சொல்லு" என்றேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நம் கைப்பேச்சு எங்கே புரியப்போகிறது.

அதனால்தான் காகிதமும் பேனாவும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நம் மொழியை எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நீ. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. புருஷனைப் பறிகொடுத்தவள் இப்போது வாய் திறந்து சிரிக்கவும் கூடாது, தெரியும்.

உன் புருஷன், என் தம்பி, போனதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. செய்தி வந்த அன்று இந்த நோயாளிகள் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டில் ஐலீனும் கூடவே அழுதாள். அவளுக்கு அவனைத் தெரியாது, ஆனாலும் நல்லவள். நம் வழக்கப்படி தலையில் ஒரு கல்லை எடுத்து அடித்துக்கொள்ளக்கூட நர்ஸுகள் என்னை விடவில்லை. மெஷினில் போடுகிற மருந்தால் ரத்தம் வந்தால் நிற்காதாம். திங்கள், புதன், வெள்ளி என்னைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் மாட்டிவிடுகிறார்கள். என் கிட்னி செய்யாத வேலையை மெஷின் செய்கிறது; ரத்தம் ஒரு குழாயில் போய், கழுவிக்கொண்டு, இன்னொரு குழாயில் வருகிறது. அங்கே ஒரு பையன் நர்ஸாக இருக்கிறான், அவனுக்கும் தம்பியின் பேர்தான். போனவனின் பேரை வாயில் எடுக்க முடியுமா? "ஏ, பேரில்லாதவரே" என்று கூப்பிடுகிறேன். ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஓடி வருகிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மீட்டிங் நடந்தது. பாலைவனத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் ஊருக்கொரு பெரிய படம் வரைந்து ஏலத்தில் விட்டு, அதில் வருகிற பணத்தில் மெஷின் வாங்கினால், ஊரிலேயே வைத்து ரத்தம் கழுவ ஏற்பாடு செய்யலாமாம். எந்த ஊர் படம் தருகிறதோ அந்த ஊருக்கு மெஷின். நம் யலன்பாவுக்கு என்ன படம் என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன், புல் விதை பொறுக்கிப் போன இரண்டு பெண்களின் புல்லரிசிக் கதை என்று.

அது என் அப்பன் வழியில் வந்தது. வரைய வேண்டியவள் நான். உன் அம்மா எனக்கு அத்தை, அப்பனோடு பிறந்தவள், ஆகவே கதையில் தப்பு வராமல் பார்க்கிற காவல் உனக்கு. நீ பாடப் பாட நான் புள்ளி வைக்க வேண்டும். நீ பாடாமல் நான் ஒரு விதைகூடத் துணியில் வைத்ததில்லை. போன தடவை நான் வைத்த ஒரு எறும்பு வரிசையைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டு, "எறும்பு அந்தப் பக்கமா போவுது மதினி? கண்ணு எங்க இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவள் நீ. இன்னும் மறக்கவில்லை.

வா. வந்து பாடு. மெஷின் ஊருக்கு வந்தால் நானும் வந்துவிடுவேன். இந்த இடத்தில் என்னால் சாக முடியாது டல்சி. தரையெல்லாம் கம்பளம் ஒட்டி வைத்திருக்கிறார்கள், காலுக்கு மண்ணே படுவதில்லை.

மேவிஸ்


யலன்பா
24 ஆகஸ்ட் 1998

மதினிக்கு,

டல்சி எழுதுவது. உங்கள் கடிதம் தபால் விமானத்தில் வந்தது. எழுதுவதும் பேச்சு ஆகிவிடுமோ என்று பயந்து, துக்க முகாமில் என்னோடு இருக்கும் பெரியம்மாக்களிடம் கைச்சாடையாகக் கேட்டேன். அவர்களும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள்தான். வாய் கூடாது, கை பேசலாம் என்று கையாலேயே சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வராததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் தம்பி போன அன்றே நாங்கள் வீட்டை விட்டு இறங்கிவிட்டோம். அவர் கால் தடத்தையெல்லாம் கிளை வைத்துப் பெருக்கினோம். நான் தலையை மழித்து, வெள்ளை மண் பூசிக்கொண்டு, பெண்கள் முகாமில் வந்து உட்கார்ந்தேன். அவருக்குக் கூடப் பிறந்தவர் நீங்கள் ஒருத்திதான். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் உங்கள் மகன் ட்ரெவர் யாருடைய வண்டியிலோ வந்து இறங்கி, ஒரு கம்பளியை நீட்டினான். "அம்மா குடுத்துச்சு" என்றான். நல்ல கம்பளிதான். போர்த்திக்கொண்டிருக்கிறேன்.

பாடச் சொல்கிறீர்கள். என் வாய் மூடியிருக்கிறது மதினி. ஒரு வார்த்தை பேசக் கூடாத வாய் எப்படிப் பாடும்? முகாமைத் தாண்டி நான் டவுனுக்கும் வரக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் அம்மா போனபோது, அவருக்காக அத்தனை நாள் வாய் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "வாயைத் தொறந்தா ஆத்துல விழுந்துருவாளாக்கும்" என்று நீங்கள் கேலி பேச, மாமா உங்களை அடிக்க வந்தாரே.

இறந்தவரின் அக்கா வந்து, உதட்டைத் தொட்டு, சாம்பலில் சுட்ட அடையில் ஒரு துண்டை ஊட்டினால்தான் இது திறக்கும். அது உங்கள் கை. வேறு யாருக்கும் அந்தக் கை இல்லை. நீங்கள் வாருங்கள், திறந்துவிடுங்கள். அதற்கப்புறம் தொண்டை கிழியும்வரை பாடுகிறேன்.

டல்சி


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
10 செப்டம்பர் 1998

டல்சிக்கு,

கம்பளியைப் பற்றிக் குத்திக் காட்டாவிட்டால் உனக்குத் தூக்கம் வராதா? ஐலீனிடம் கெஞ்சி, அவள் மகளைக் கடைக்கு அனுப்பி வாங்கின கம்பளி அது. நான் போக முடியாது, என் காலைப் பார்த்திருக்கிறாயா நீ, வீங்கி நடக்கவே வரவில்லை.

வாருங்கள், வாருங்கள் என்றால்? வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷினிலிருந்து கழற்றுவார்கள், திங்கட்கிழமை காலையில் மறுபடி மாட்ட வேண்டும். அதற்குள் அந்தக் கல்லும் குழியுமான ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும். யார் வண்டியில்? ட்ரெவர் வண்டி இன்னும் சக்கரம் இல்லாமல் கற்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று அந்தப் பேரில்லாத பையனைக் கேட்டேன். "அப்படியெல்லாம் பேசாதீங்க ஆன்ட்டி" என்றான். அதுவே பதில்தான்.

யோசித்துப் பார். நான் வராமல் உன் வாய் திறக்காது. வாய் திறக்காமல் படம் வராது. படம் வராமல் மெஷின் வராது. மெஷின் வராமல் நான் வர முடியாது. நம் ஊர் நாய் தன் வாலைத் துரத்துமே, அதுதான் நாம்.

இந்தச் சுற்றை நீதான் அறுக்க வேண்டும். முகாமை விட்டுத் தள்ளி, கம்பளியைத் தலைவரை மூடிக்கொண்டு, மெதுவாகப் பாடு. ட்ரெவர் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்துவிடுவான். யாருக்குத் தெரியப்போகிறது? நானா போய்ச் சொல்லப்போகிறேன்? உன் புருஷன் என் தம்பிதானே. நான் அக்கா சொல்கிறேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்.

மேவிஸ்


யலன்பா
5 அக்டோபர் 1998

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை ட்ரெவருக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் டேப் ரெக்கார்டரோடு வந்து நின்றிருப்பான்.

யாருக்குத் தெரியும் என்கிறீர்கள். அவருக்குத் தெரியும். அவர் இன்னும் இங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார். போன வாரம் எங்கள் அடுப்புப் பக்கம் நாய்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து வாலாட்டின. குரல் கேட்டால் அவர் போகாமல் நின்றுவிடுவார். நின்றால் முதலில் யாரைத் தேடி வருவார்? உடம்புக்கு ஆகாமல் கிடக்கும் அக்காவைத்தான். உங்களுக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்கு ஏன் புரியவில்லை?

திருட்டுத்தனமாகப் பாடின பாட்டில் வைக்கிற விதை முளைக்காது. முன்னால் போனவள் சிந்திக்கொண்டே போன புல்லரிசியைப் பின்னால் வந்தவள் பொறுக்கிக்கொண்டே வந்தாள் என்றுதானே கதை. ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி எதுவும் செய்யவில்லை. அந்தக் கதையை நாம் இப்படியா வரைவது?

கோபத்தில் எழுதிவிட்டேன். வேறு ஏதாவது சொல்கிறேன். முகாமில் நாங்கள் மூன்று பேர். வாய் இல்லையென்றால் சண்டை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரியம்மா இருவரும் கங்காரு வாலுக்காக நேற்று கையாலேயே அப்படித் திட்டிக்கொண்டார்கள். ஒருத்தி கடைசியில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், மற்றவள் எழுந்து சுற்றி வந்து முன்னால் நின்று மிச்சத்தையும் திட்டி முடித்தாள். நீங்கள் பார்த்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

மழை இல்லை. புல்லரிசித் தரையில் எறும்புப் புற்றெல்லாம் வாய் அடைத்துக் கிடக்கிறது.

டல்சி


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
19 நவம்பர் 1998

டல்சிக்கு,

நான் ஒன்று செய்துவிட்டேன். திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பள்ளிக்கூடத்து டீச்சர் பல வருடத்துக்கு முன்னால் நம்மைத் தரையில் உட்காரவைத்துப் பாட்டெல்லாம் பதிந்துகொண்டாளே, அதில் ஒரு கேசட் ஐலீனின் மகள் வீட்டில் இருந்தது. எப்படியோ ஊர் ஊராகச் சுற்றி இங்கே வந்திருக்கிறது. அதில் நீ பாடுகிறாய், புல்லரிசிப் பாட்டு முழுதும். உன் வாய் மூடுவதற்கு முன்னால் பாடினது. அந்த வாய் திறந்த வாய்தானே? அதில் என்ன குற்றம் என்று நினைத்தேன். உனக்கும் சொல்லாமல் இருந்தேன், முடிந்ததும் சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று.

படக்கூடம் நடத்துகிற கெர்டா பெரிய துணி ஒன்றைத் தரையில் விரித்துக் கொடுத்தாள். கறுப்பு அடித்துக் காய வைத்தேன். செவ்வாய், வியாழன் போய் உட்கார்ந்தேன். காதில் மாட்டிக்கொள்கிற அந்த வளையத்தை மாட்டிக்கொண்டேன். டல்சி, நீ பாட ஆரம்பித்ததும் எனக்கு முழங்கால் வலியே போய்விட்டது. துணியில் கதையின் இரண்டு பெண்களையும் உட்கார வைத்தேன், மரத்தட்டும் தோண்டுகோலும் பக்கத்தில் வைத்தேன். எறும்பு வழி போட்டேன், சரியான பக்கமாகத்தான் போட்டேன். பிறகு விதை. நீ ஒரு அடி பாடினால் நான் ஒரு வரிசை. மஞ்சளும் வெள்ளையும் மாற்றி மாற்றி. தட்டில் போட்டுக் கொழிக்கும்போது அரிசி ஒரு பக்கமும் உமி ஒரு பக்கமும் ஒதுங்குமே, அந்த மாதிரி வந்தது. கெர்டா டீ வைத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி வந்துவிட்டேன். மேற்கிலிருந்து காற்று வந்து உமியைத் தூக்கிக்கொண்டு போகிற இடம். அங்கே நீ மூச்சு விட நிறுத்தினாய்.

அப்போது அவன் பேசினான்.

எனக்கு நினைவே இல்லையடி, பாட்டைப் பதிந்த அன்றைக்கு அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. காதுக்குள்ளேயே பேசினான். நான் அந்த வளையத்தைப் பிய்த்து எறிந்தேன். பெயிண்ட் டப்பா கொட்டிவிட்டது. நான் போட்ட கூச்சலில் அடுத்த தெருக்காரர்கள் வந்துவிட்டார்களாம். கெர்டா பாவம், எனக்கு ஊசி தேவையோ என்று ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், யார் பேரைச் சொல்வேன்?

செத்தவன் குரலைக் கேட்டுவிட்டேன் டல்சி. நானாகப் போய்க் கேட்டுவிட்டேன். படம் பாதியில் நிற்கிறது. அந்த இடத்தைத் தாண்டி ஒரு புள்ளிகூட என் கை வைக்க மாட்டேன் என்கிறது. அதிலிருந்து இரண்டு தடவை மெஷினில் என் நெஞ்சு நின்று நின்று ஓடியது.

மேவிஸ்


யலன்பா
4 டிசம்பர் 1998

மதினிக்கு,

திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. பெரியம்மாக்களிடம் சொன்னேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

என் குரலை எடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன், அன்றைக்கு அவர் என் பக்கத்தில்தான் இருந்தார், அவரை விட்டுவிட்டு நான் எங்கேயும் பாடப் போனதில்லை என்று. காவல் என்று என்னை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? எறும்பு போகிற பக்கத்தைச் சொல்வதற்கு மட்டுமா?

அந்தக் கேசட்டை இனி ஒருவரும் போடக் கூடாது. நாடாவை உருவி எடுத்து மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். அவர் விலகிப் போக இலைப் புகை போடச் சொல்லுங்கள், உங்கள் கட்டிலுக்கு, துணிமணிக்கு, அந்தப் படத்துக்கு எல்லாவற்றுக்கும். டவுனில் நல்ல இலை கிடைக்காது, ட்ரெவரிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன்.

இத்தோடு நிறுத்திவிட்டேன். கடிதத்தை மடித்தும் விட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

இதைக் கேட்கக் கூடாது. நீங்கள் சொல்லவும் கூடாது. ஆனாலும் கேட்கிறேன் மதினி. அவர் என்ன சொன்னார்?

டல்சி


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
18 ஜனவரி 1999

டல்சிக்கு,

இலை வந்தது. விடுதிக்குள் புகை போட்டதில் மணி அடித்து, தண்ணீர் கொட்டி, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. ஐலீன் சிரித்துச் சிரித்து மயங்கி விழப் பார்த்தாள். நாடாவைக் குழாயடியில் புதைத்துவிட்டேன்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். படித்ததும் இந்தத் துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "டல்சி, டீ ஆறுது. பாட்டை அப்புறம் பாடிக்கலாம், வா" என்றான். அவ்வளவுதான். சாப்பாட்டு ராமன், டீயைத் தவிர வேறு எதை நினைப்பான்.

அழாதே. எழுதும்போது நானும் அழுதேன், போதும்.

இப்போது கேள். நான் வருகிறேன். ட்ரெவர் வண்டி ஒருவழியாக ஓடுகிறதாம். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, மெஷினிலிருந்து கழற்றினதும் நேரே வண்டியில் ஏறிவிடுவேன். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமை காலையில் உன் வாயைத் திறக்கிறேன். அடை சுட்டு வை. மாவு கடை மாவாக இருந்தாலும் பரவாயில்லை, மழை இல்லாத வருடத்தில் புல்லரிசிக்கு எங்கே போவது. சனிக்கிழமை முழுக்க நீ பாடு. மிச்சப் பாதியையும் வைத்து முடித்துவிடுகிறேன். முறைப்படி திறந்த பிறகு நம் இருவர் குரலும் கேட்டால் அவனும் நிம்மதியாகப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன்.

டாக்டரிடம் சொல்லவில்லை. பேரில்லாத பையனிடம் மட்டும் சொன்னேன். தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள், வாழைப்பழம் தொடாதீர்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் ஆன்ட்டி என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

எனக்குக் கங்காரு வால் வேண்டும். டாக்டர் கூடாது என்பார். ஒரு துண்டு, கொழுப்போடு.

மேவிஸ்


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஆஸ்பத்திரி
9 பிப்ரவரி 1999

டல்சி,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோணல் மாணலாகத்தான் வரும்.

அத்தனை மாதம் வராத மழை அன்றைக்குத்தான் வர வேண்டுமா? நம் ஊர் ஓடைக் கரையில் வண்டி நின்றதும் ட்ரெவர் இறங்கிப் போய்ப் பார்த்தான். இடுப்பளவு என்று இறங்கினவன் கழுத்தளவில் திரும்பி வந்தான். "முடியாதும்மா, ஆளை இழுத்துட்டுப் போயிரும்" என்றான். எதிர்க்கரையில் நீங்கள் எல்லாரும் நின்றீர்கள். உன் தலையில் அந்தக் கம்பளி. மழையில் உன் முகத்து வெள்ளை மண்ணெல்லாம் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. எவ்வளவு இளைத்துவிட்டாய்.

நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். அந்தக் கையை உன் பக்கம் நீட்டினேன். எத்தனை தடவை நீட்டினேன், பார்த்தாய்தானே? நீ திறக்கவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டி, தொட வேண்டும், தொட வேண்டும் என்று கையால் சொல்லிக்கொண்டிருந்தாய். பிடிவாதக்காரி. தண்ணீர் நடுவில் ஓடினால் நான் என்ன, நீந்தியா வர முடியும் இந்தக் காலை வைத்துக்கொண்டு?

ஞாயிறுவரை வண்டிக்குள்ளேயே காத்திருந்தோம். தண்ணீர் இறங்கவில்லை. திரும்பினால் பின்னாலும் ரோடு போய்விட்டது. மெஷினுக்கு வந்து சேர்ந்தபோது புதன்கிழமை. அந்தப் பையன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

மூச்சு விட முடியவில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. நான் திறந்துவிட்டேன் டல்சி. இறந்தவனின் அக்கா சொல்கிறேன், உன் வாயைத் திறந்துவிட்டேன். இந்தக் காகிதத்தில் கீழே என் விரலை மையில் தொட்டு வைத்திருக்கிறேன். எடுத்து உன் உதட்டில் வைத்துக்கொள். வைத்துக்கொண்டு பாடு. கெர்டா படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

மேவிஸ்


யலன்பா
27 மார்ச் 1999

மதினிக்கு,

பேர் போட்டு எழுத முடியாது இனிமேல். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன செய்தி முதலில் கிளினிக்குக்கு வந்தது. கடிதம் அதற்கப்புறம்தான் வந்தது. வெள்ளத்தில் ஓடுதளம் சகதியாகி, தபால் விமானம் இறங்காமலே இரண்டு தடவை தலைக்கு மேலே சுற்றிவிட்டுப் போய்விட்டது. அந்தப் பைக்குள்தான் உங்கள் விரல் இருந்திருக்கிறது. இறங்கியிருந்தால், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அதை வைத்துக்கொண்டிருப்பேன். விதிமுறை பார்த்திருக்க மாட்டேன் என்று இப்போது சொல்கிறேன். அன்று ஓடைக்கரையில் விதிமுறை பார்த்தேனே, அதனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பெரியம்மாக்களிடம் போனேன். இதை உதட்டில் வைக்கலாமா என்று கேட்டேன். இருவரும் அதைத் தொடக்கூட இல்லை. இப்போது அது போனவரின் கை. போனவர் வைத்துப்போன பொருள் எல்லாம் எரிக்க வேண்டியது. அடுப்பைக் காட்டினார்கள்.

நான் எரிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன். தப்புத்தான்.

அன்று ஓடையில் நீங்கள் கையை நீட்ட நீட்ட, எனக்கு வாய் துடித்தது மதினி. அடை மடியில் இருந்தது. மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடாமல் திறந்தால் அவர் உங்களைத் தேடி வந்துவிடுவார் என்று பயந்தேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கெர்டா படத்தைச் சுருட்டி அனுப்பிவிட்டாள். மிச்சத்தை நான் முடித்துத் தர முடியுமா என்று கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டாளாம். நர்ஸ் வந்து என் முகத்துக்கு நேரே நின்று, "என்னன்னு சொல்லட்டும்?" என்றாள். என்ன சொல்வது? வரைந்தவர் போனால் படத்தை மூட வேண்டும். பாட்டையும் மூட வேண்டும். எத்தனை வருடம் கழித்துத் திறப்பது என்று காவல்காரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது நான். என் வாயைத் திறக்க வேண்டிய கை உங்களோடு போய்விட்டது. முகாமிலிருந்து இனி நான் வீட்டுக்குப் போவதும் இல்லை. நம் ஊர் படம் தராததால் மெஷின் வடக்கே வேறு ஊருக்குப் போகிறதாம். நல்லது, அங்கேயும் யாராவது அக்கா இருப்பாள்.

உங்கள் பேர் வைத்திருந்த ட்ரெவரின் மகளை இப்போது எல்லாரும் பேரில்லாதவள் என்று கூப்பிடுகிறார்கள். குழந்தைக்குப் புரியவில்லை. பழைய பேரைத் தானே சொல்லிக்கொண்டு ஓடுகிறாள், எல்லாரும் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

படத்தை ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்த்தேன். எறும்பு சரியான பக்கம்தான் போகிறது. ஒரு புள்ளியைக்கூட நான் அழித்திருக்க மாட்டேன். அவர் டீ கேட்ட இடத்தில் நின்றிருக்கிறீர்கள்.

மழைக்கு அப்புறம் புல்லரிசித் தரை முழுக்கப் பச்சை. இப்போது காய்ந்து விதை உதிர்கிறது. எறும்புகள் உமியைப் புற்றின் வாசலில் கொட்டி வைத்திருக்கின்றன. நேற்று பெரியம்மாக்களோடு போய் ஒரு தட்டு அள்ளிக் கொழித்தேன். உங்களுக்காக என்று ஒரு அடை சுட்டேன். யாருக்கு ஊட்டுவது என்று தெரியாமல் நாய்க்குப் போட்டேன். அவர்கள் தள்ளிப் போனபோது, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன். பாட்டு முழுக்க எனக்குள் இருந்தது, முதல் அடியிலிருந்து. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பாடினால் நீங்களும் போகாமல் நின்றுவிடுவீர்களே என்று மூடிக்கொண்டேன்.

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதினேன். இன்றைக்குத் தபால் விமானம் இறங்கியதும் கொண்டுபோய் நீட்டினேன். விமானக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல ஒண்ணுமே எழுதலையேம்மா. யாருக்கு இது?" என்றார். எனக்கு வாய் இல்லை, உங்களுக்குப் பேர் இல்லை. நான் என் உதட்டைத் தொட்டு, அந்தக் கையை ஓடைப் பக்கம் நீட்டிக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை காட்டினேன். "பேர் எழுதிக் கொண்டுவாங்கம்மா" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். இந்தக் கடைசி வரிகளை இறக்கையின் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிளம்பப் போகிறார், என்னை எழுந்திருக்கச் சொல்கிறார்.

டல்சி